மகள் பட்டம் வாங்கியாச்சு, விருந்துக்குப் பேக்கேஜ் எதற்கு?

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகள் பி.இ. முடித்துவிட்டாள், எங்கள் குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி. ஆடியில் விருந்து வைக்கலாமா? கும்பகோணத்தில் ஒரு ஈவன்ட் ஆள் மண்டபம், சாப்பாடு, மேடை, போட்டோ எல்லாம் சேர்த்து இலைக்கு 450 ரூபாய், குறைந்தது 300 இலை என்கிறார். எங்களுக்கு 150 பேர்தான் தேறும். 10,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். சரியா?"

சரியில்லை அம்மா. 300 இலைக்கு 1,35,000 ரூபாய், அதில் 67,500 வராத ஆளுக்கு. கல்யாணச் சமையல் எடுக்கிற நானே சொல்கிறேன், 'குறைந்தது இத்தனை இலை' என்று ஒருவர் ஆரம்பித்தால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். நூறு பேருக்கும் உலை வைக்கலாம், முந்நூறு பேருக்கும் வைக்கலாம். அந்தக் கணக்கு சமையல்காரருக்குத்தான் தெரியும், நடுவில் நிற்பவருக்கு இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மண்டபத்தில் எவ்வளவு கமிஷன், போட்டோகாரரிடம் எவ்வளவு, சமையலில் இலைக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்பதுதான். 450-இல் அடுப்புக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது, வெல்கம் டிரிங்க், லைவ் கவுன்ட்டர் என்று பட்டியல்தான் வரும். வெல்கம் டிரிங்க் என்பது கலர் போட்ட சர்க்கரைத் தண்ணீர், அதற்கு ஒரு ஆள் தலைப்பாகை கட்டி நிற்பார்.

ஆடியில் தாராளமாக வையுங்கள். பட்டமளிப்பு விருந்துக்கு முகூர்த்தம் பார்க்க வேண்டாம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை கல்யாணம் கிடையாது, மண்டபம் பூட்டிக் கிடக்கும், வாடகையில் பேரம் படியும். ஆவணி பிறந்துவிட்டால் அதே மண்டபத்துக்காரர் போனையே எடுக்கமாட்டார். பதினெட்டாம் பெருக்கு, ஆடி அமாவாசை இரண்டையும் விட்டுவிடுங்கள், ஊரே ஆற்றங்கரையில் இருக்கும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. பேராவூரணிப் பக்கம், அப்படியே கீரமங்கலம், வடகாடு வரை, ஆடியும் ஆவணியும்தான் மொய் விருந்து சீசன், அதாவது மொய் வாங்குவதற்கென்றே விருந்து வைக்கிற காலம். அங்கே ஆடியில் மண்டபம் காலியாக இருக்காது, சமையல் ஆளும் கிடைக்கமாட்டார், ஆட்டுக்கறி விலையும் ஏறிவிடும். பாபநாசத்தில் இருக்கிற உங்களுக்கு இது எதற்கு என்றால், நம் பக்கத்துச் சமையல் குழுக்களும் பரிமாறுகிற பையன்களும் அந்த இரண்டு மாதமும் அங்கே வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் சமையல்காரரிடம் தேதி சொல்லும்போதே "அன்றைக்குப் பேராவூரணியில் வேலை ஒத்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் அவர் அங்கே போய்விட்டு உங்களுக்கு மச்சினனை அனுப்பிவிடுவார், ஆள் வரும், அந்தக் கைப்பக்குவம் வராது.

மொய் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நோட்டுப் போட்டு மொய் எழுதாதீர்கள். இன்னும் சில வருடத்தில் இதே பிள்ளைக்குக் கல்யாணம் வரும், அதே சொந்தக்காரர் அப்போதும் எழுத வேண்டும், இப்போது எழுதியதை நீங்கள் வேறு திருப்பிச் செய்ய வேண்டும். தாய்மாமனிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சீர் கிடையாது, வந்து சாப்பிட்டால் போதும் என்று. சொல்லாவிட்டால் அவர் கடன் வாங்கியாவது தட்டு எடுத்து வருவார்.

சாப்பாட்டை மாலை டிபனாக வையுங்கள். அந்த நேரம் வயலில் குறுவை வேலை இருக்கும், பகல் ஒரு மணிப் பந்திக்கு யார் வருவார்? மாலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு வருவார்கள். இட்லி, அதற்குத் தொட்டுக்கொள்ள நம்ம ஊர் பாசிப்பருப்பு, உருளைக்கிழங்குக் கடப்பா, ஒரு வடை, திருவையாறு அசோகா அல்வா, கடைசியில் டிகிரி காபி. மண்டபமும் அரை நாள் வாடகையில் முடியும்.

மண்டபமும் சமையலும் தனித்தனியாகப் பேசுங்கள். பந்திக்கு எத்தனை நாற்காலி, எத்தனை பந்தி என்று உங்கள் வீட்டு ஆள் ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கட்டும், அதற்கு மேல் இலைக் கணக்கு வந்தால் அந்த நோட்டைக் காட்டலாம். உள்ளே போகும்போதே மண்டபத்து மின்மீட்டரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கரண்டுக்குத் தனியாகக் கேட்டால் காட்டலாம். வரி என்று தனியாகக் கேட்டால் ரசீதில் 33 என்று ஆரம்பிக்கிற 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அந்தப் பணம் அரசுக்குப் போகாது, அவர் பைக்குத்தான்.

சாலையோரம் பேனர் வேண்டவே வேண்டாம். அனுமதி இல்லாமல் வைப்பது குற்றம் என்பது ஒரு பக்கம், 2019-இல் சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன ஒரு இளம் பொறியாளர் மேல் பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி உயிர் போனது. அவரும் படித்து முடித்து வேலைக்குப் போன பிள்ளைதான். மண்டபத்துக்குள்ளே மகள் படத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் மாட்டுங்கள்.

பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருக்காதீர்கள். பரீட்சை முடிந்து எத்தனையோ மாதம் கழித்துத்தான் பட்டம் கொடுக்கிறார்கள், துணைவேந்தர் இல்லை, தேதி கிடைக்கவில்லை என்று தள்ளிக்கொண்டே போவார்கள், அதற்குள் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், கல்யாணமே ஆனவர்களும் உண்டு. கடைசி செமஸ்டர் முடிவு வந்து அரியர் இல்லை என்று தெரிந்தால் போதும். கறுப்பு அங்கி ஸ்டூடியோவிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

இனி அந்த 10,000. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் முழுதாக வராது. நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள், "பேக்கேஜ் வேண்டாம், மேடை அலங்காரம் மட்டும் செய்யுங்கள், முன்பணத்தை அதில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார், அவருக்கும் ஆடியில் வேலை இல்லை. மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமே கிடையாது, ஆனால் வாய்தா வாங்கி வாங்கித் தீர்ப்பு வருவதற்குள் உங்கள் மகள் மேல்படிப்பும் முடித்துவிடுவாள். அதனால் முதலில் அந்த வாட்ஸ்அப்பை அனுப்புங்கள்.