பற்றரி மாத்தியும் ஏஈடி பீப் அடிக்குதெண்டால்

வணக்கம். கிளிநொச்சியில உங்கட வளாகக் காவலறை வெளிச்சுவரில மாட்டின ஏஈடி (இதயம் திடீரெண்டு நிண்டவைக்கு மின் அதிர்ச்சி குடுக்கிற கருவி), புதுப் பற்றரி போட்டும் பீப் அடிக்குதெண்டு கேட்டிருந்தீங்கள்.

முதல்ல பாட்ஸை, அதாவது நெஞ்சில ஒட்டுற ஜெல் தகடுகளைப் பாருங்கோ. பல மொடல்களில பாட்ஸ் வயர் எப்பவும் செருகியே இருக்கவேணும். கருவி தன்னைத்தானே சோதிக்கேக்க அதையும் பாக்கும். செருகி கழண்டிருந்தால், இல்லாட்டி ஜெல் காய்ஞ்சிருந்தால், எத்தினை பற்றரி மாத்தினாலும் சத்தம் நிக்காது. முடிவுத் திகதி உறைக்கு மேலயே இருக்கும். பாக்கிறதுக்கெண்டு உறையைக் கிழிச்சிடாதேங்கோ, காத்துப் பட்டால் ஜெல் காயத் தொடங்கிடும். சத்தம் தொல்லையெண்டு பற்றரியைக் கழட்டி வைக்கிற ஆக்களும் இருக்கினம். அதுக்குக் கருவியே வாங்கியிருக்கத் தேவையில்லை.

திகதி தாண்டாட்டியும் அந்தச் சுவரில எனக்குச் சந்தேகம்தான். பெரும்பாலான கருவிகளுக்கு உச்ச வெப்பம் 50 பாகை. சித்திரை வெயில் நேரா விழுற கண்ணாடிப் பெட்டி அதைச் சுகமாத் தாண்டும். நிழல் விறாந்தைக்கு மாத்துங்கோ. ஏசி அறைக்குள்ள வைச்சுப் பூட்டுறது அதைவிட மோசம்: நெஞ்சை அமுக்கி முதலுதவி செய்யாட்டி, அதிர்ச்சி குடுக்கப் பிந்திற ஒவ்வொரு நிமிசத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7–10 வீதம் குறையும்.

பெட்டிக்குள்ள ஒரு சின்னத் துவாயும் சவர அலகும் வையுங்கோ. எங்கட வெக்கைக்கு வேர்த்த நெஞ்சிலயும் மயிர் அடர்ந்த நெஞ்சிலயும் பாட்ஸ் சரியா ஒட்டாது.