பிரவுசிங் சென்டரில் ஆதாரை விட்டுவிட்டு வந்தால்?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மகளுக்கு வருமானச் சான்றிதழ் எடுக்கத் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கடைக்காரர் என் ஆதாரை டவுன்லோட் செய்து, ஓடிபி கேட்டு வாங்கி, விண்ணப்பித்துக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து 'டிராஃபிக் ஃபைன் பாக்கி' என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு ஃபைல் வந்திருக்கிறது. எங்களிடம் வண்டியே இல்லை. என் விவரம் வெளியே போய்விட்டதா?"

முதலில் அந்த ஃபைல். திறக்காமல் அழித்துவிடுங்கள். பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருந்தால் அது ரசீது இல்லை, ஆப். அதை இன்ஸ்டால் செய்து, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்தால், உங்களுக்கு வரும் பேங்க் ஓடிபியை அனுப்பியவன் படிப்பான். ஏற்கெனவே தட்டிவிட்டீர்களா? நெட்டை அணைத்துவிட்டு பேங்குக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகரும். ஆனால் இதற்காகக் கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற உங்களுக்குத் தெரியாததா, வலை வீசுகிறவர் எந்த மீன் என்று பார்த்தா வீசுகிறார்? வண்டி இல்லாதவருக்கும் ஃபைன் வருவது அப்படித்தான்.

கடையில் கவனிக்க வேண்டியது வேறு. நீங்கள் எழுந்து வந்த பிறகும் உங்கள் ஆதார் அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். அதற்கு பாஸ்வேர்ட் உண்டுதான். ஆனால் அது பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும் என்பது ஊருக்கே தெரியும். "அண்ணே, அதை அழிச்சிடுங்க" என்று சொல்லி, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் போகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் அதிகம் பயப்படுவது போன் நம்பருக்குத்தான். அரசுச் சான்றிதழ்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண்தான் கேன் நம்பர். அதைப் பதியும்போது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன் நம்பரையே போட்டுவிடுகிற கடைக்காரர்கள் உண்டு. கெட்ட எண்ணம் இல்லாமலேகூட. அப்புறம் எந்தச் சான்றிதழுக்கும் ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். உங்களிடம் ஓடிபி கேட்டு வாங்கினார் என்கிறீர்கள். அது ஆதார் டவுன்லோடுக்கு வந்ததாகவும் இருக்கலாம். கேனில் எந்த நம்பர் இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். வேறு நம்பர் என்றால் மாற்றச் சொல்லுங்கள்.

சரி, ஆதாரை யாராவது பயன்படுத்தினார்களா? மைஆதார் தளத்தில் நுழைந்து 'ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி' பாருங்கள். கடந்த 6 மாதத்தில் எங்கெங்கே உங்கள் ஆதாரைச் சரிபார்த்தார்கள் என்று தேதியோடு இருக்கும். உங்களுக்குச் சம்பந்தமில்லாத பதிவு கண்ணில் பட்டால் ஆதார் உதவி எண் 1947-க்குப் பேசுங்கள். அதே மைஆதார் தளத்தில் கைரேகையையும் பூட்டி வைக்கலாம். பூட்டினால் ஒரு சிக்கல்: ரேஷன் கடை மெஷினில் உங்கள் ரேகையை ஏற்காது. வரிசையில் நிற்கும்போதே போனில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள்.