மூக்கைத் தூக்கும் ட்ரெய்லர்: கேள்வி பதில்

வாளையாறுக்கு இந்தப் பக்கம், மதுக்கரை ரோட்டோரம் பட்டறை வெச்சு இருவது வருசம் ஓடிருச்சுங்க. ட்ரெய்லர் சமமா நிக்கறதைப் பத்திக் கேட்டு எழுதியிருந்தீங்க. புதுசா வந்தவங்களுக்காக: இழுக்கற வண்டி ஹார்ஸ், அது முதுகுல இருக்கற லாடம் மாதிரித் தட்டு பிப்த் வீல், அதுக்குள்ள போய் மாட்டற ட்ரெய்லர் குமிழ் கிங் பின்.

கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு வண்டி உரிமையாளர்: அண்ணா, கம்பி லோடு அடிக்கற பழைய ட்ரெய்லருக்குப் புது ஹார்ஸ் வாங்குனேன். முன்பக்கம் தூக்கிட்டு நிக்குது. பின்னாடி ஸ்பிரிங் பட்டைக்கடியில ரெண்டு தகடு வெச்சா சரியாகுமா?

தகடு அப்பறம். நீங்க பார்த்தது லோடு வண்டியா, காலி வண்டியா? காலியில ஹார்ஸோட பின் பட்டை எந்திரிச்சு நிக்கும், மூக்கு தூக்கித்தான் தெரியும். லோடோட அளந்தாத்தான் கணக்கு.

அளக்க நம்ம ஊர்ல நல்ல சமதளம் எடை மேடைதான். எடை போட்ட கையோட அஞ்சு நிமிசம் கேட்டு வாங்குங்க. கிங் பின்னுக்கு நேரா ஒண்ணு, நடு ஆக்சிலுக்கு நேரா ஒண்ணு, சேசிஸ்ல சாக்பீஸ்ல குறி போட்டு, தரையிலிருந்து டேப் புடிங்க. ரெண்டு ஒசரமும் ஒண்ணா இருக்கணும். கழுத்துல படி விழுந்த சேசிஸ்னா அடி விளிம்பு ஏமாத்தும், மேல் தளத்துல அளங்க. யார்டு தரையா இருந்தா டேப்பை நம்பாதீங்க. கொத்தனார் வெச்சிருக்கற தண்ணி ட்யூப் போதும். உள்ள காத்துக் குமிழி நிக்காம பாத்துக்கங்க. ஒருக்கா குமிழியோட அளந்துட்டு, நல்லா இருந்த வண்டியை அரை நாள் பிரிச்சுப் போட்டவன் நான்.

அளந்த பிறகு டயர் காத்து, உடைஞ்ச பட்டை, ஈக்வலைசர் (ஆக்சில்களுக்குள்ள பாரத்தைப் பங்கு போடற கட்டை) புஷ் மூணையும் பாருங்க. பாதி வண்டி இங்கயே சரியாயிரும். அதுலயும் தீரலைன்னா புது ஹார்ஸோட தட்டு பழசை விட ஒசரம்னு அர்த்தம். பிப்த் வீல் தாங்கி பல ஒசரத்துல வருது, குட்டையானதை மாத்தறதுதான் முறை. மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு: மேட்டுல ஏறி எறங்கறப்ப ட்ரெய்லர் அடி ஹார்ஸ் சேசிஸ் வாலுல இடிக்குமான்னு பாருங்க. எடம் இல்லைன்னா ட்ரெய்லர் பின்பக்கத்தை ஒசத்தணும். அது ட்ரெய்லர் கட்டுனவங்க செய்ய வேண்டிய வேலை. பட்டைக்கடியில ஆளுக்கொரு தகடு சொருகுனா, பட்டையை ஆக்சிலோட கட்டற யூ போல்ட் தளர்ந்து ஆக்சில் நகரும், வேண்டாங்க.

அதே நண்பர்: எவ்வளவு வரைக்கும் விடலாம்?

கணக்குப் போட்டுப் பாருங்க. கிங் பின்னிலிருந்து நடு ஆக்சில் 7.5 மீட்டர், தட்டு 40 மி.மீ. கூடுதல் ஒசரம்னா சரிவு அரை டிகிரி கூட வராது. கண்ணுக்குத் தெரியாது, டயருக்குத் தெரியும். தயாரிச்சவங்க அளவு கொடுத்திருந்தா அதுதான் சட்டம். இல்லைன்னா நான் லோடுல ஒரு வெரக்கடை வரைக்கும் விடுவேன், அதுக்கு மேல விடமாட்டேன்.

பாலக்காடு, கண்டெய்னர் ஓட்டுநர்: மூணு ஆக்சில்ல கடைசி ஆக்சில் டயர் மட்டும் சீக்கிரம் தேயுது. முன் ஆக்சில்ல பிரேக் அடிச்சா சக்கரம் இழுபடுது. ரெண்டு கோளாறா?

ஒரே கோளாறா இருக்க வாய்ப்பு அதிகம் தம்பி. மூக்கு தூக்குனா பாரம் பின்னால சாயும். ஈக்வலைசர் தராசு மாதிரி ஆடி கொஞ்சம் சமாளிக்கும். அதோட ஆட்டம் முட்டுன பிறகு கடைசி ஆக்சில் தலையில பாரம், முன் ஆக்சில் லேசாயிரும். லேசான சக்கரம் பிரேக்ல முதல்ல பூட்டிக்கும், டயர்ல ஒரே எடத்துல தேஞ்ச தழும்பு விழும். பாலக்காடு-திருச்சூர் ரோட்டுல குதிரான்ல குகை வர்றதுக்கு முன்னாடி, மழையில அந்த எறக்கத்துல இப்படி வால் ஆடுன வண்டிகளைப் பாத்திருக்கேன். 2021, 2022ல குகை ரெண்டும் திறந்த பிறகு பொழைச்சோம். ஆனா ஆக்சில் கோணம் தப்பியிருந்தாலும் டயர் தேயும், அதையும் ஒருக்கா பாத்துருங்க.

வாளையாறு, புது ஓட்டுநர்: மாட்டறப்ப ட்ரெய்லர் எவ்வளவு ஒசரத்துல இருக்கணும்ங்கண்ணா?

ஹார்ஸ் தட்டை விட ஒரு பொடி தாழ்வா. உள்ள போறப்ப தட்டு ட்ரெய்லரைக் கொஞ்சம் தூக்கணும். ட்ரெய்லர் முன்னால தாங்கி நிக்கற காலை ரொம்ப நீட்டி மூக்கை ஏத்தி வெச்சா, தட்டுக்குள்ள பின்னைப் பிடிக்கற தாடைக்கு மேல கிங் பின் உக்காந்துக்கும். மாட்டுன மாதிரியே தெரியும், மாட்டியிருக்காது.

நான் கிளீனரா இருந்தப்ப ஒரு யார்டுல, விடிகாலை நாலு மணி, மழை. 'க்ளக்'னு சத்தம் கேட்டுச்சு, லாக் விழுந்துருச்சுன்னு நானே கைகாட்டி, காலையும் சுத்தி ஏத்திட்டேன். ஹார்ஸ் நகர்ந்துச்சு, ட்ரெய்லர் மூக்கு தரையில. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை, பிரேக் காத்து ஹோஸ் ரெண்டும் அறுந்துச்சு. அதுல இருந்து சத்தத்தை நம்பறதில்ல. டார்ச் அடிச்சுப் பாருங்க: தட்டுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக் கூடாது, தாடை கிங் பின்னோட கழுத்தைச் சுத்திப் பிடிச்சிருக்கணும், லாக் கைப்பிடி உள்ள போயிருக்கணும். ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டு ரெண்டு தரம் முன்னால இழுங்க. கால் ஏத்தறது கடைசி.

எட்டிமடை, வெல்டிங் பட்டறைக்காரர்: ஒசரத்துக்குத் தட்டுக்கடியில பட்டை இரும்பு வெச்சு வெல்டு வெக்கச் சொல்றாங்க. செய்யலாமா?

கூடாது. பணம் எவ்வளவு கொடுத்தாலும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தர்: என் மாப்பிள்ளை டெக்ஸாஸ்ல பிக்கப் வண்டில வீட்டு ட்ரெய்லர் இழுக்கறார். முன்பக்கம் ரெண்டு இஞ்ச் ஒசரம். அதே வைத்தியம்தானா?

நோய் அதேதான், மருந்து சுலபம். அங்க பிப்த் வீல் பிக்கப் படுக்கையில (பின்னாடி சாமான் வெக்கற தொட்டி) உக்காந்திருக்கும், அந்த மாட்டற கருவிக்கு ஹிட்ச்னு பேரு. பல ஹிட்ச்ல தலையை அடுத்த துளைக்கு எறக்கலாம். இல்லைன்னா ட்ரெய்லர் கிங் பின் பெட்டியை ஒரு துளை மேல ஏத்தி மாட்டலாம். எதைச் செஞ்சாலும் முன்பக்கம் எறங்கும். அதனால படுக்கைப் பக்கச் சுவருக்கும் ட்ரெய்லர் அடிக்கும் நடுவுல ஆறு இஞ்ச் போல மிச்சம் இருக்கணும், இல்லைன்னா சாஞ்ச ரோட்டுல தகடு நசுங்கும். எடம் பத்தலைன்னா ட்ரெய்லர் ஆக்சில் பக்கத்தை ஒசத்தணும், அது பட்டறை வேலை.

இன்னொண்ணு, கிங் பின்ல எறங்கற பாரம் ட்ரெய்லர் எடையில 15 முதல் 25 சதவீதம் இருக்கும். 10,000 பவுண்டு ட்ரெய்லர்னா 1,500 முதல் 2,500 பவுண்டு. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கற சீட்டுல வண்டி எவ்வளவு தாங்கும்னு இருக்கும். ஆளு, சாமான், ஹிட்ச் எடையும் அதுக்குள்ளயே அடங்கணும்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லுங்க.

பெயர் போடாத ஒருத்தர்: கிங் பின் தேய்மானம் எப்ப மாத்தணும்?

ரெண்டு இஞ்ச் பின் புதுசுல 50.8 மி.மீ., 49க்கு வந்தா மாத்திருங்க. கிரீஸைச் சுத்தமாத் துடைச்சுட்டு வெர்னியர் அளவுகோல் வெச்சு அளக்கணும். கிரீஸோட அளந்து "இன்னும் நல்லாருக்கு"ன்னு சொன்னவங்க நெறையப் பேரு.