கயாலாமியில் மட்டும் கொதிக்கும் கார்

வணக்கம் அண்ணா. கடலோர டர்பனில் ஒழுங்காக ஓடிய கார் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கயாலாமி ரேஸ் டிராக்கில் சில சுற்றுகளிலேயே கொதிக்கிறது, தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றியும் பலனில்லை என்கிறீர்கள். கழற்றியதே வம்பாக இருக்கலாம். பம்ப் தள்ளும் தண்ணீர் எஞ்சினின் பிளாக், ஹெட் வழியாக ஏறி, தெர்மோஸ்டாட்டைத் தாண்டி ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை (ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் நேரே பம்புக்குத் திரும்பும் குறுக்குவழி) அடைக்கும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் ஒரு பங்குத் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காது. திரும்ப மாட்டுங்கள், இல்லையென்றால் பைபாஸை அடையுங்கள்.

சரி, டர்பனில் ஏன் தெரியவில்லை? கயாலாமி சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். காற்றும் மெலிவு, ரேடியேட்டர் திணறும். 1 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி இருந்தால் கொதிநிலை 115க்கு மேல் போய்விடும். அதனால் எனக்கு முதல் சந்தேகம் அழுத்தம் பிடிக்காத மூடி மேல்தான். மலிவான சாமான், மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. தளர்ந்திருந்தால் அதிக ஆர்பிஎம்மில் சப்பிப்போய் ஓட்டத்தை அடைக்கும். சும்மா நிற்கும்போது தெரியாது, ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள்.