தாங், சொங் காலச் சீனா: கேட்டவற்றுக்கு என் பதில்கள்

தாங் வம்சமும் (618–907) சொங் வம்சமும் (960–1279) நான் பல வருடமாகப் படித்து வருபவை. ஆட்சி, வரி, மடம், மதம் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, அன் லுஷான் கலகத்தில் 3.6 கோடிப் பேர் இறந்தார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?

பதில்: இல்லை. அது தாங் தளபதி அன் லுஷான் 755இல் அரசை எதிர்த்துத் தொடங்கிய போர். அரசுப் பதிவேட்டில் 755இல் சுமார் 5.29 கோடிப் பேர், 764இல் சுமார் 1.69 கோடிப் பேர். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு மிச்சமெல்லாம் செத்தவர்கள் என்கிறார்கள். அந்தப் பதிவேட்டை எழுதியதே வரிக்கும் கட்டாய வேலைக்கும் ஆள் வேண்டும் என்பதற்காக. போர் முடிந்தபோது வடகிழக்கே ஹெபெய் பகுதி ராணுவ ஆளுநர்கள் கைக்குப் போய்விட்டது, அங்கிருந்து கணக்கு தலைநகருக்கு வரவே இல்லை. மற்ற இடங்களில் ஊரை விட்டு ஓடியவன் போன ஊரில் பெயர் கொடுப்பானா? கொடுத்தால் வரி கட்ட வேண்டும். போர் கொடூரமானதுதான், 756இல் தலைநகர் சாங்கான் விழுந்து பேரரசரே தென்மேற்கே ஓடினார், வழியில் மாவே என்ற இடத்தில் காவல்படை முரண்டு பிடித்து அவருடைய பிரியத்துக்குரிய துணைவி யாங் குய்ஃபெயின் உயிரை வாங்கியது. ஆனாலும் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்காக ஒருவனைச் செத்தவன் கணக்கில் எழுதாதீர்கள்.

கேள்வி: போதிதர்மர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர்தானே?

பதில்: 547 வாக்கில் லோயாங் நகரத்து மடங்களைப் பற்றி யாங் சுவான்ஷி எழுதிய நூல் அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. அவருடைய போதனை நூலுக்குத் தான்லின் எழுதிய முன்னுரை தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. 1004இல் தொகுத்த நூலில் வரும் ‘சியாங்சி’ என்ற பெயரைச் சிலர் காஞ்சியோடு சேர்க்கிறார்கள். தென்னிந்தியர் என்பதற்குப் பழைய ஆதாரம் உண்டு, பல்லவர் என்பதற்கு இல்லை. தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாக 720 வாக்கில் சீனா போய்ச் சேர்ந்த பௌத்தத் துறவி வஜ்ரபோதியைப் பற்றி இதைவிட உறுதியாகத் தெரியும். அவரைப் பற்றி யாராவது கேட்டால் ஆசையாக எழுதுவேன்.

கேள்வி: தேர்வு எழுதி ஏழை வீட்டுப் பையன் மந்திரி ஆகலாம் என்பது நிஜமா அண்ணா?

பதில்: தாங் காலத்தில் கஷ்டம். உயர்ந்த தேர்வில் வருடத்துக்கு இருபது முப்பது பேர்தான் தேறுவார்கள், அதுவும் தேர்வுக்கு முன்பே தன் கவிதைகளைப் பெரிய மனிதர்கள் வீட்டில் கொடுத்துப் பெயர் வாங்கி வைக்க வேண்டும், ஏனென்றால் திருத்துகிறவருக்கு யார் தாள் என்று தெரியும். சொங் அரசு இதை உடைத்தது. விடைத்தாளில் பெயர் இருக்கும் இடத்தின் மேல் காகிதத்தை ஒட்டினார்கள். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களே என்று எழுத்தர்களை உட்காரவைத்து ஒவ்வொரு தாளையும் நகல் எடுத்து, நகலைத்தான் திருத்தக் கொடுத்தார்கள். 1057இல் தேர்வாளர் ஓயாங் சியு ஒரு தாளைப் படித்து அசந்துபோய், இது தன் மாணவன் எழுதியதாக இருக்கும், முதலிடம் கொடுத்தால் ஊர் பேசும் என்று இரண்டாவதாக வைத்தாராம். அது பின்னாளில் பெரிய கவிஞரான சு ஷி எழுதிய தாள். ஆனால் மகனைப் பத்துப் பதினைந்து வருடம் வேலைக்கு அனுப்பாமல் படிக்கவைக்க வீட்டில் நிலம் இருக்க வேண்டும், அதை எந்தக் காகிதம் ஒட்டியும் சரிசெய்ய முடியவில்லை.

கேள்வி: 845இல் பேரரசர் வூசோங் பௌத்தத்தை ஒழித்தது தாவோ (சீனாவின் சொந்த மதம்) வெறியால்தானே?

பதில்: வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் இது புரியாது. துறவிக்கு வரி இல்லை, கட்டாய வேலை இல்லை. துறவி ஆவதற்கான சான்றிதழை அரசுதான் கொடுத்தது, அன் லுஷான் போரில் பணத்துக்காக அதை விற்கவும் செய்தது. வாங்கியவன் வரிக்கணக்கிலிருந்து போய்விடுவான். அரசு இன்று கையில் வாங்கிய காசுக்காக நாளைய வரியை விற்றது. 845 கணக்குப்படி 4,600 மடங்கள், 40,000 சிறு கோயில்கள் இடிபட்டன, 2,60,500 துறவிகளும் துறவினிகளும் இல்லறத்தாராக்கப்பட்டு வரிக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். மடத்து அடிமைகள் 1,50,000 பேரும் அப்படியே. வெண்கலச் சிலைகளை உருக்கிக் காசு, இரும்புச் சிலைகளை உருக்கி உழவுக் கருவி.

கேள்வி: (முன்பு கேட்டவரே) அப்படியானால் தாவோ குரு சாவ் குய்சன் எதற்கு அரண்மனையில் இருந்தார்? வெறும் கணக்குப்பிள்ளை வேலை மாதிரி சொல்கிறீர்கள்.

பதில்: நியாயமான கேள்வி. வூசோங்குக்குத் தாவோ பக்தி ஆழமாக இருந்தது, அமரத்துவ மருந்தை நம்பினார். ஜப்பானியத் துறவி என்னின் அப்போது சாங்கானில் இருந்து நாட்குறிப்பு எழுதினார், தேவர்களைக் காண அரண்மனையில் உயரமான மேடை கட்டியதை அவர் பதிந்திருக்கிறார். நெஸ்தோரியக் கிறித்தவரையும் சொராஸ்திரியரையும் ஆணை விடவில்லை, ‘வெளிநாட்டு மதம்’ என்ற வெறுப்பும் அதில் இருந்தது. ஆக, பேரரசர் மனதில் பக்தி இருந்தது, ஆணையை நிறைவேற்றிய அதிகாரிகள் கையில் பதிவேடு இருந்தது. என்னின் தன் தலையில் முடி வளர்த்து இல்லறத்தார் உடை போட்டுக்கொண்டு ஊரை விட்டுப் போனதற்கு உடனடிக் காரணம், அவரிடம் துறவிச் சான்றிதழ் இல்லை.

கேள்வி: அந்த 2,60,500 பேரையும் கொன்றுவிட்டார்களா?

பதில்: இல்லை. மேலே எழுதியதைப் படியுங்கள். பதிவேட்டில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றப்பட்டவர்கள்.

கேள்வி: போதிதர்மர்தானே குங்ஃபூவைக் கற்றுக்கொடுத்தார்?

பதில்: அவரை அதோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. போதிதர்மர் பற்றி இனி பதில் எழுத மாட்டேன், மேலே இருப்பதே போதும்.

கேள்வி: செங் ஹே கப்பல்கள் பற்றி?

பதில்: அது மிங் காலம், நான் படித்ததில்லை. மிங் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒரு பெண் எப்படிப் பேரரசர் ஆனார்?

பதில்: வூ சேதியன் 690இல் சோவ் என்று புது வம்சமே அறிவித்தார். கன்ஃபூசிய நூல்களில் பெண் ஆட்சிக்கு இடம் இல்லை, பௌத்தத்தில் தேடினார். மகாமேக சூத்திரத்தில் ஒரு பெண் அரசாள்வாள் என்று வரும், துறவிகள் உரை எழுதி அவரை வருங்காலப் புத்தரான மைத்ரேயராகவே காட்டினார்கள். மாநிலந்தோறும் அந்தச் சூத்திரத்தின் பெயரில் மடம் எழுப்ப ஆணை போனது. 705இல் முதுமையில் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

கேள்வி: சீனாவில் சிவன் கோயில் இருந்ததா?

பதில்: இருந்தது, சுவான்சோவ் துறைமுகத்தில். 1281 தேதியிட்ட தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது, அது மங்கோலிய யுவான் காலம். கையுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத் தூண்களில் கிருஷ்ணன் சிற்பங்களை இப்போதும் பார்க்கலாம்.

கேள்வி: (845 நண்பர் மறுபடி) பணம்தான் காரணம் என்றால் வூசோங் இறந்ததும் ஏன் எல்லாம் தலைகீழானது?

பதில்: 846இல் அவர் இறந்ததும் அடுத்த பேரரசர் சுவான்சோங் சாவ் குய்சனைக் கொன்றார், மடங்களைத் திறந்தார். அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி, பேரரசரின் நம்பிக்கை இல்லாமல் 845 நடந்திருக்காது, முதல் பதிலில் நான் அதைக் குறைத்துச் சொல்லிவிட்டேன். ஆனால் மடத்து வெண்கலத்தை உருக்கி வார்த்த காசுகள் இன்றும் கிடைக்கின்றன. நடுவில் சதுர ஓட்டை, முன்பக்கம் பழைய தாங் காசுகளில் இருந்த ‘கையுவான்’ எழுத்துகள்தான், பின்பக்கம் மட்டும் வார்த்த ஊரைக் குறிக்கும் ஒற்றை எழுத்து, லோயாங்கில் வார்த்ததென்றால் ‘லோ’. மடங்கள் திறந்த பிறகும் அந்தக் காசுகள் சந்தையில் ஓடிக்கொண்டுதான் இருந்தன.