பாஸ் புதுப்பிக்க ஏன் வட்டிக்கு வாங்குகிறீர்கள்?

மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து எழுதியிருக்கிறார்:

"வயது 32. எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 3,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓவர்டைம் 500. பாஸ் 2026 நவம்பரில் முடிகிறது. மனைவியும் மகளும் ஊரில். வேறு கம்பெனியில் 6,000 வெள்ளி என்று காட்டி அவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளலாம், மாதம் 2,000 வெள்ளியைக் கையில் திருப்பிக் கொடுத்தால் போதும் என்கிறார் தாய்மாமாவுக்குத் தெரிந்த ஏஜென்ட். முன்பணத்துக்கு மனைவியின் 12 பவுனை அடகு வைக்கலாமா? இதுவரை ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் அவரிடம்தான் பணம் கட்டினேன். அதில் 4 லட்சம் இரண்டு வட்டியில் நிற்கிறது."

தம்பி, அந்த 2,000 வெள்ளியை முதலில் பார்ப்போம். 6,000-ல் அது போனால் கையில் 4,000. இப்போதே ஓவர்டைமோடு 4,100 வாங்குகிறீர்கள். குறைந்த பணத்தில் மூன்று பேர் சிங்கப்பூர் வாடகை கொடுத்து வாழ்வீர்களா? சம்பளத்தைப் பொய்யாகக் காட்டுவது அங்கே குற்றம் வேறு. 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டினால் வேலையும் போகும். மாமாவிடம் இதைச் சொல்லச் சங்கடமாக இருந்தால், நான் தடுத்தேன் என்றே சொல்லுங்கள்.

உங்களைக் கரைப்பது புதுப்பிப்புக்குப் புதுப்பிப்பு கடன் வாங்கும் வழக்கம்தான். எஸ் பாஸைப் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டியது கம்பெனி. வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் லெவியும் அவர்கள் தலையில்தான், உங்களிடம் பிடிக்கக்கூடாது. அப்படியிருக்க ஏஜென்டுக்கு ஏன் கட்டினீர்கள்? 4 லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 8,000, வருடம் 96,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும்.

நகையை அடகு வையுங்கள், ஆனால் இந்தக் கடனை அடைக்க. வங்கி நகைக்கடன் 10 சதவீதம் என்று வைத்தாலும் வருடம் 40,000தான். 56,000 மிச்சம். அதை அசலில் கட்டி நகையை மீட்டுவிடுங்கள்.

இனி நவம்பர். 2026 செப்டம்பர் முதல் புதுப்பிப்புக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. அது இளவயதுக்காரர்களுக்கு. வயதோடு ஏறி 45-ல் 4,800 ஆகும். உங்கள் வயதுக்கு ஏறக்குறைய 3,900. ஓவர்டைமும் போனஸும் இதில் சேராது, மாதாமாதம் மாறாத சம்பளம் மட்டுமே கணக்கு. அதனால் முதலாளியிடம் இப்போதே பேசுங்கள். ஓவர்டைமில் கொடுப்பதில் 300, 400 வெள்ளியை நிலையான சம்பளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அவருக்குப் பெரிய கூடுதல் செலவில்லை, உங்களுக்குப் பாஸ் நிற்கும். மனிதவள அமைச்சின் இணையதளத்தில் உங்கள் வயதைப் போட்டு எல்லையைச் சரிபார்த்துக்கொண்டு போங்கள்.

குடும்பத்தைக் கூட்டிவர நிலையான சம்பளம் உண்மையாகவே 6,000 வேண்டும். அதுவரை பள்ளி விடுமுறையில் விசிட் விசாவில் வந்து பார்த்துப் போகட்டும்.

கடிதத்தின் கடைசியில் மைத்துனர் சொன்ன யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம்) பற்றிக் கேட்டிருந்தீர்கள். பணம் ஐந்து வருடம் அதில் பூட்டிக்கிடக்கும். உங்கள் பாஸோ அதிகபட்சம் இரண்டு வருடம். இப்போது வேண்டாம். கடன் தீர்ந்த பிறகு எழுதுங்கள், பேசுவோம்.