எஞ்சின் கொதிக்கிறது: வாங்கும் முன் கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எஞ்சின் சூட்டைப் பற்றியவை. இடம் கருதிக் கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது, வேகமெடுத்தால் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். வாங்கிவிடலாமா?

பதில்: பொறுங்கள். கார் ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றுவிட்டால் அந்த வேலை முழுவதும் ஃபேனின் தலையில் விழுகிறது. ஆகவே நீங்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃபேனையும் அதற்கு மின்சாரம் வரும் வழியையும்தான். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்திலேயே ஃபேன் சுழலத் தொடங்கிவிடும். சுழலாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், ஃபியூஸ் பெட்டியில் உள்ள அதே எண் கொண்ட இன்னொரு ரிலேயை (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஃபேன் ரிலேயின் இடத்தில் செருகிப் பாருங்கள். ஏசி போட்டால் சுழல்கிறது, எஞ்சின் சூடேறும்போது மட்டும் சுழலவில்லை என்றால் வெப்ப சென்சாரைச் சோதிக்க வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுழலக்கூடும் என்பதால் விரல்களை அதன் அருகே கொண்டு போகாதீர்கள். நின்றால் சரியாக இருந்து வேகத்தில் மட்டும் சூடேறுகிறது என்று நீங்கள் எழுதியிருந்தால், உள்ளே அடைத்துப்போன ரேடியேட்டரையோ பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட்டையோ (சூடேறியதும் திறந்து, குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) நானும் சந்தேகித்திருப்பேன். எந்தச் சோதனையைச் செய்து இந்த முடிவுக்கு வந்தார் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அவர் மழுப்பினால் வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

கேள்வி: வழியில் எஞ்சின் கொதித்தால் உடனே ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: கூடாது, முகம் வெந்துபோகும்.

கேள்வி: காரில் பச்சை நிறக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இருந்தது. கடையில் பச்சையாகவே பார்த்து ஒரு கேன் வாங்கி, பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் கலந்து ஊற்றினேன். இப்போது ரேடியேட்டருக்குள் துருநிறத்தில் கலங்கியிருக்கிறது. எனக்குப் போலிச் சரக்கை விற்றுவிட்டார்களா?

பதில்: போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அசல் சரக்கை வாங்கியும் இந்த நிலைக்கு வந்து சேரலாம். நிறம் என்பது வெறும் சாயம். எந்த வகைக்கு எந்த நிறம் என்று எல்லாத் தயாரிப்பாளர்களையும் கட்டுப்படுத்தும் பொது விதி கிடையாது. சிலிகேட் சேர்ந்த பழைய வகை பெரும்பாலும் பச்சையாக வரும், ஏறத்தாழ 2 ஆண்டுகள் உழைக்கும். கரிம அமிலம் சேர்ந்த வகை 5 ஆண்டுகள் வரை உழைக்கும், ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ வரும், பச்சையாகவும் வரும். இரண்டும் கலந்தால் துருவைத் தடுக்கும் சரக்கின் ஆயுள் குறைந்துவிடும். காரின் கையேட்டில் கொடுக்கப்பட்டிருக்கும் தர எண் கேனின் பின்புறத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது ஒன்றே வழி.

இனி என் நெடுநாள் ஆதங்கத்தையும் கேளுங்கள். கடைத்தட்டில் கான்சன்ட்ரேட் வகையும், தண்ணீர் கலந்தே வரும் பிரீமிக்ஸ் வகையும் ஒரே அளவு கேனில், ஒரே படத்தோடு, தோளோடு தோள் நிற்கின்றன. நீண்டகாலம் உழைக்கும் என்பதைக் கொட்டை எழுத்தில் முன்புறம் அச்சிடுகிறவர்கள், கேனில் உள்ளது பாதித் தண்ணீர் என்பதைப் பின்புறத்து மடிப்பில் எறும்பு எழுத்தில் ஒளித்து வைக்கிறார்கள். நீங்கள் வாங்கியது பிரீமிக்ஸ் என்றே நினைக்கிறேன். பாதித் தண்ணீருக்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டு, அதில் மறுபடியும் பாதித் தண்ணீரைக் கலந்ததால் கூலன்ட்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைகோல் கால் பங்காகச் சுருங்கிவிட்டது. சரிபாதிக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம் இல்லாவிட்டாலும் சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். கால் பங்குக் கலவையோ பூஜ்யத்துக்குக் கீழே 12 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கும். அதைவிட முக்கியமாக, துருத்தடுப்பும் பாதியாகிவிடும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து சூடு வெளியேறும் வழியையும் அடைக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு முழுவதையும் வடித்து, தெளியும் வரை டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, சரியான தர எண் கொண்டதை நிரப்புங்கள். வடித்ததைத் தரையில் கொட்டாதீர்கள். அது இனிக்கும் விஷம், குழந்தைகளும் நாய்களும் பூனைகளும் நக்கிவிடும்.

கேள்வி: ஊற்றினாலே கசிவு நின்றுவிடும் என்று ஒரு டப்பா விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நானும் ஒரு டப்பா வாங்கி ஊற்றினேன். கசிவு நின்றபாடில்லை, அடைத்துக்கொண்டது கேபின் ஹீட்டர்.

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கினேன். எஞ்சினைப் பளபளப்பாகக் கழுவி, புதுக் கூலன்ட் நிரப்பிக் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே கொதிக்கிறது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறது ஒர்க்‌ஷாப். கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது என்கிறார் விற்றவர்.

பதில்: உங்கள் நிலை எனக்குப் புரிகிறது, கழுவித் துடைத்த எஞ்சினைக் கண்டு மயங்காதவர்கள் குறைவு. முதலில் காரை ஓட்டுவதை நிறுத்துங்கள், ஏனெனில் அலுமினிய ஹெட் ஒருமுறை வளைந்துவிட்டால் செலவு பல மடங்காகும். ஆறிய எஞ்சினைக் கிளப்பி, ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக விறைக்கிறதா, விரிவுத் தொட்டியில் இடைவிடாமல் குமிழி வருகிறதா, புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெண்புகை நீடிக்கிறதா, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்ததுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். உறுதி செய்ய ஒரு நீலநிறச் சோதனைத் திரவம் கிடைக்கிறது. எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழைந்திருந்தால் அது மஞ்சளாக மாறும், அந்த மாற்றத்தை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் அடியிலும் மூடியின் ரப்பரிலும் பழுப்பு நிறத்தில் துகள்கள் ஒட்டியிருந்தால், அது கசிவை அடைக்கும் சரக்கின் மிச்சமாக இருக்கலாம். கோளாறு தெரிந்தேதான் விற்றார்கள் என்று வாதாட அது உதவும், எனவே படம் எடுக்கும்வரை துடைத்துவிடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பிடம் அழுத்தச் சோதனையின் முடிவை எழுத்தில் வாங்கி, விற்றவருக்கும் தொலைபேசியில் பேசாமல் எழுத்திலேயே அனுப்புங்கள்.

கேள்வி: ஆவி வந்துகொண்டிருந்தபோதே முள் திடீரென்று கீழே இறங்கிவிட்டது. சரியாகிவிட்டது என்று தொடர்ந்து ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். சென்சாரைத் தொடக்கூடக் கூலன்ட் மிச்சமில்லை என்பதால்தான் முள் விழுந்திருக்கிறது.

கேள்வி: எல்லா கார்களுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்த தெர்மோஸ்டாட்டை இணையத்தில் வாங்கினேன். பொருந்தவில்லை. பெட்டியையும் பில்லையும் எறிந்துவிட்டேன். இப்போது தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓட்டுகிறேன். பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

பதில்: பில்லை எறிந்தவர் கேட்கும் கேள்வியா இது? வாங்கிய கணக்கில் ஆர்டர் விவரம் இருக்கும். பொருளோடு அதைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள், திரும்பி வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற சொல்லை நம்பி வாங்கிய ஒரு ரேடியேட்டர் மூடி என்னிடமும் கிடக்கிறது. அழுத்த எண்ணே அச்சிடப்படாத அந்த மூடி வாயில் கச்சிதமாகப் பொருந்தியது, அழுத்தத்தைத்தான் தாங்கவில்லை. பழைய தெர்மோஸ்டாட்டையாவது எறியாமல் வைத்திருந்தால், கம்பியில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கிப் பாருங்கள். பெரும்பாலானவை 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அதன் மீதே அந்த எண் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். கொதிநீரிலும் திறக்காவிட்டால் உங்கள் சூட்டுக்குக் காரணம் அதுதான். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் தன் வேலைச் சூட்டை எட்டாது, எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் மிகும். காரின் மாடலுக்கு உரிய பாக எண்ணைச் சொல்லிப் புதியதை வாங்கிப் பொருத்தி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து உள்ளே சிக்கிய காற்று வெளியேறும் வரை எஞ்சினை ஓடவிட்டு, ஆறிய பிறகு கூலன்ட் மட்டத்தை மறுபடி பாருங்கள். இந்தமுறை பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.